28 மாதக் காற்று

திருநெல்வேலியின் தச்சநல்லூரில் ஆனி, ஆடி முழுக்க மேல்காற்று புழுதியை வாரி அடிக்கும். ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும். ஏன் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்: சூரியன் வடக்கே போய்த் தெற்கே திரும்புகிறது, நிலமும் கடலும் சூடேறும் விதம் மாறுகிறது. ஆண்டுக்கு ஒரு சுற்று.

அதே ஊருக்கு நேர் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தையும் தாண்டி, சுமார் 25 கிலோமீட்டரில் வீசும் காற்றுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது ஓராண்டுக்கு மேல் மேற்கிலிருந்து வீசுகிறது. பிறகு திரும்பிக்கொண்டு, அதேபோல் நெடுநாள் கிழக்கிலிருந்து வீசுகிறது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 28 மாதம் ஆகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி உலகையே ஒரு பட்டைபோலச் சுற்றிவரும் காற்று அது. 8.7 பாகை வடக்கில் இருக்கும் திருநெல்வேலி அந்தப் பட்டைக்குள்தான் வருகிறது. அறிவியலாளர்கள் இதைக் கியூபிஓ என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வெகுகாலம் பிடித்தது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசு மேற்கு நோக்கி மிதந்து, இரண்டு வாரத்துக்குள் உலகைச் சுற்றியது. அந்தச் செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதைக் கவனித்துப் பதிவு செய்தார். தூசு மேற்கே போனதால், வெப்ப மண்டலத்தின் மேல்வானில் எப்போதும் கிழக்குக் காற்றுதான் என்று நம்பினார்கள். 1908இல் ஆப்பிரிக்காவில் பலூன் விட்ட பெர்சன் என்ற ஜெர்மானியர், அங்கே மேற்குக் காற்றைக் கண்டார். இரண்டும் உண்மை என்பதை யாரும் ஊகிக்கவில்லை. 1960 வாக்கில்தான் அமெரிக்காவில் ரிச்சர்ட் ரீடும் பிரிட்டனில் எப்டனும், ஒருவரை ஒருவர் அறியாமலே, பலூன் பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்து இரண்டு காற்றும் மாறி மாறி வருவதைச் சொன்னார்கள்.

ஏன் 28 மாதம்? சூரியனின் ஓட்டத்தில் அப்படியொரு கணக்கு இல்லை. 1968இல் லின்ட்சனும் ஹோல்டனும் தந்த விடை எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது: விசை கீழேயுள்ள மழைமேகங்களில் இருக்கிறது.

வெப்ப மண்டலத்தில் இடிமேகம் எழும்போதெல்லாம் சுற்றியுள்ள காற்றை உலுக்குகிறது. அந்த உலுக்கல் அலைகளாக மேலே ஏறுகிறது. சில அலைகள் கிழக்கு நோக்கி ஓடுபவை, சில மேற்கு நோக்கி. எங்கோ நடுக்கடலில் புறப்பட்ட அலை திருச்செந்தூர்க் கரையில் உடையும்போது தன் வேகத்தை அங்கே இறக்கிவிடுகிறது அல்லவா? வானத்து அலையும் அப்படித்தான். தன் திசையிலேயே, தன் வேகத்திலேயே வீசும் காற்றைச் சந்தித்தால் அதனால் மேலே போக முடியாது. அங்கேயே மடிந்து, தன் உந்துவிசையை அந்தக் காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. அதனால் மேற்குக் காற்று வீசும் அடுக்கு, கிழக்கு நோக்கி ஓடும் அலைகளைத் தன் அடிவிளிம்பிலேயே விழுங்குகிறது. அடிவிளிம்பு வலுப்பட வலுப்பட அந்த அடுக்கே மாதம் சுமார் ஒரு கிலோமீட்டர் வீதம் கீழிறங்குகிறது. எதிர்த்திசை அலைகளுக்கோ தடையில்லை. அவை ஊடுருவி உச்சிக்குப் போய், அங்கே கிழக்குக் காற்றை உருவாக்குகின்றன. பழைய காற்று 17 கிலோமீட்டர் வாக்கில் இறங்கி மறைந்ததும் புதியது அதன் இடத்துக்கு வருகிறது. அலைகள் வலுத்தால் சுற்று சுருங்கும், தளர்ந்தால் நீளும். 28 மாதம் என்பது மேகங்கள் நிர்ணயிக்கும் கணக்கு.

1978இல் பிளம்பும் மெக்யூவனும் ஆஸ்திரேலியாவில் இதைச் செய்தே காட்டினார்கள். வளையமான தொட்டியில் உப்பு அடர்த்தி படிப்படியாக மாறும் நீரை நிரப்பி, ஒரு ரப்பர்ச் சவ்வை மேலும் கீழுமாக மட்டும் அசைத்தார்கள். பக்கவாட்டில் யாரும் தள்ளவில்லை. ஆனாலும் நீர் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கி, பிறகு எதிர்ப்பக்கம் திரும்பி, மீண்டும் திரும்பியது.

கணினி மாதிரிகளில் இதைக் கொண்டுவருவது அவ்வளவு எளிதாக இல்லை. உலக வானத்தைப் பெரிய கட்டங்களாகப் பிரித்துத்தான் கணினி கணக்குப் போடும்; அலைகளில் பல அந்தக் கட்டத்தைவிடச் சிறியவை. அவற்றின் வலுவை ஓர் எண்ணாக நாமே ஊகித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எண்ணைத் திருகினால் 28 மாதம் வந்துவிடும். விடை தெரிந்துகொண்டு கணக்குப் போடுவதை நான் புரிதல் என்று சொல்லமாட்டேன். 2016 பிப்ரவரியில் அதற்கான சோதனை வந்தது. மேற்குக் காற்று அடுக்கின் நடுவிலேயே திடீரெனக் கிழக்குக் காற்று முளைத்தது. 1953 முதலான பதிவில் அதுவரை காணாத ஒன்று. முன்னறிவிப்பு மாதிரிகள் அதைச் சொல்லவில்லை. வடக்கின் குளிர்கால அலைகள் உள்ளே புகுந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. 2019–20இலும் மேற்குக் காற்றின் நடுவே கிழக்குக் காற்று முளைத்தது.

ஆகவே அளவீடுதான் முக்கியம். திருநெல்வேலிக்கு அதில் பங்குண்டு. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் என்றால் நமக்குச் சிற்பங்கள் நிறைந்த வெங்கடாசலபதி கோயில்தான் நினைவுக்கு வரும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் அங்கேதான் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே நிறுவிய ரேடார், ஏறத்தாழ 70 முதல் 98 கிலோமீட்டர் வரையுள்ள காற்றைப் பல ஆண்டுகள் அளந்தது. அந்த உயரத்தில் காற்றின் ஒரு சுற்று ஆறு மாதத்தில் முடிகிறது. மார்ச்–ஏப்ரலில் வரும் கிழக்குக் காற்று சில ஆண்டுகளில் மட்டும் மிகக் கடுமையாகிறது. கீழேயுள்ள 28 மாதக் காற்று எந்த அலைகளை மேலே விடுகிறது என்பதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

28 மாதக் காற்று நம் மழையையும் தொடக்கூடும். இந்தியப் பெருங்கடலிலிருந்து கிழக்கே நகரும், 30 முதல் 60 நாளில் திரும்பிவரும் மழைக்கூட்டம் ஒன்றுண்டு. மேடன்–ஜூலியன் அலைவு என்று பெயர். மேலே கிழக்குக் காற்று வீசும் ஆண்டுகளின் டிசம்பர்–பிப்ரவரியில் அது வலுப்பதைப் பதிவுகள் காட்டுகின்றன. பெரும்பாலான மாதிரிகளில் இந்தத் தொடர்பு இன்னும் சரியாக வரவில்லை.

நெல்லைப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் காற்றை அளக்கும் சிங்கப்பூர்ப் பலூன்களின் மாதாந்தரப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்து ஆண்டுப் பதிவை மாணவர்களிடம் கொடுத்து, வரைபடத் தாளில் வரையச் சொல்லுங்கள். சுற்று எத்தனை மாதம் என்பதை அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.