கொடைக்கானலில் தூக்கம் வருவதும் வராததும்

மே மாதத்தில் மதுரையின் இரவு வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. அதே இரவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் வெப்பநிலை 12, 13 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மேலே ஏறும் காற்று அழுத்தம் குறைந்து விரிவடைவதாலும், விரிவடையும் காற்று குளிர்வதாலும், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது என்ற எளிய இயற்பியலே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள், சமவெளியின் வெப்பத்துக்கும் காலரா முதலிய நோய்களுக்கும் தம்மவரைப் பறிகொடுத்தபின், 1845-இல் பழனி மலையின் மேல்தளத்தில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது இந்தக் குளிரை நாடித்தான். மலைக்குளிரில் படுத்தவுடன் தூக்கம் வந்துவிடும் என்று அன்றுமுதல் இன்றுவரை சொல்லப்பட்டு வருவது பாதி உண்மை. மீதிப் பாதியை, வாடகை அறையில் இரண்டு கம்பளிகளுக்கு அடியில் விடியவிடியப் புரண்டு படுத்த சுற்றுலாப் பயணிகள் அறிவார்கள்.

மனித உடலின் உட்பகுதி வெப்பநிலை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் உச்சத்தை எட்டும் அது, இரவு ஏற ஏறச் சுமார் ஒரு டிகிரி குறைந்து, வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்தைத் தொடுகிறது. உள்ளே குறைய வேண்டிய வெப்பம் எங்காவது வெளியேறியாக வேண்டும். அதற்கான வாயில்களாக அமைந்தவை கைகளும் கால்களும். இரவு நெருங்கும்போது உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் நடுப்பகுதியிலிருந்து வெதுவெதுப்பான இரத்தத்தைத் தோலின் மேற்பரப்புக்குக் கொண்டுவர, அங்கிருந்து வெப்பம் காற்றில் கலக்கிறது. கால்கள் எவ்வளவு விரைவாகச் சூடேறுகின்றனவோ அவ்வளவு விரைவாகத் தூக்கம் வருகிறது என்பதை, சுவிட்சர்லாந்தின் பேசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

இதை வைத்துப் பார்த்தால், சமவெளியில் படுப்பவரின் இடரும் மலையில் படுப்பவரின் இடரும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை என்பது விளங்கும். மதுரையில் அறைக்காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருப்பதால், தோல் வரை வந்த வெப்பம் அதற்கப்பால் போக வழியின்றி நிற்கிறது. கொடைக்கானலிலோ, பனியில் நனைந்த காலணியோடு ஏரியைச் சுற்றிவிட்டு வந்து அப்படியே படுக்கையில் விழுபவரின் பாதங்கள் சில்லிட்டிருக்க, குளிரைத் தடுக்கும் பொருட்டு அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், வெப்பம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. சுற்றிலும் குளிர் இருந்தும் உள்ளுடல் குளிர்வதில்லை. உலர்ந்த காலுறை ஒரு ஜோடி, கம்பளி இரண்டைவிட அதிகம் உதவுவது இதனால்தான். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரியைச் சற்றே தாண்டிய வெந்நீரில் குளிப்பதும் இதே வழியில் பயன்தருகிறது: வெந்நீர் தோலின் குழாய்களைத் திறந்துவிட, குளித்து முடித்தபின் உடல் முன்னிலும் வேகமாகக் குளிர்கிறது. குளித்த கையோடு படுப்பதால் இந்தப் பயன் முழுமையாகக் கிட்டுவதில்லை.

மலையின் குளிரைப் பேசுவோர் அதன் மெல்லிய காற்றைப் பெரும்பாலும் பேசுவதில்லை. கொடைக்கானலின் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு 21 சதவீதம்தான் எனினும், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைகிறது. இதை ஈடுகட்ட உடல் சற்று வேகமாக மூச்சு விடுகிறது. அப்போது இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு கூடுதலாக வெளியேறிவிடுகிறது. மூச்சை உந்தும் அறிகுறியே அந்த வாயுதான் என்பதால், அது குறைந்ததும் தூக்கத்தில் மூச்சு சில விநாடிகள் தளர்ந்து, பிறகு ஆழமாகத் திரும்புகிறது. ஏற்றமும் இறக்கமுமாக அமையும் இந்தச் சுவாசம் 2,500 மீட்டருக்கு மேல்தான் தெளிவாகப் புலப்படும் என்பதால், உடல்நலமுள்ளவருக்குக் கொடைக்கானலின் உயரம் பெரிய இடையூறல்ல. குறட்டையோடு மூச்சு அடைபடும் நோய் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு மலையேறுவதே முறை. குளிருக்கு இதம் என்று குடிக்கப்படும் மது, தொண்டைத் தசைகளைத் தளர்த்தி மூச்சை மேலும் மந்தமாக்குவதோடு, பின்னிரவின் தூக்கத்தையும் துண்டுதுண்டாக்குகிறது.

குளிர்காய்வதற்கென்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுப் படுப்பது எல்லாவற்றிலும் கொடிய பிழை. போதிய காற்றின்றி எரியும் கரி, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் இந்த வாயு, தூங்குபவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். இரவு இறைச்சி சுட்ட அடுப்பு அணைந்துவிட்டது என எண்ணி உள்ளே எடுத்து வைத்தவர்கள் காலையில் பிணமாகக் கிடந்த செய்தி கொடைக்கானலுக்குப் புதிதல்ல. சாம்பல் பூத்த கரியும் உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கும். பழைய பங்களாக்களின் கணப்புகளுக்குப் புகைபோக்கி வைத்துக் கட்டியவர்கள் அழகுக்காக அதைச் செய்யவில்லை.

புதிய இடத்தின் முதல் இரவுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. தூக்க ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வந்த இதனை, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் மூளைப் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து, பழக்கமில்லாத இடத்தில் முதல் நாள் படுக்கும்போது மூளையின் இடப்பாதி மற்றப் பாதியைவிட மேலோட்டமாகத் தூங்கி, சிறு ஓசைக்கும் விழிப்படைகிறது எனக் கண்டனர். ஒரே ஓர் இரவு தங்கித் திரும்பும் பயணி, மலை தரக்கூடிய தூக்கத்தைப் பெறுவதற்கு முன்பே இறங்கிவிடுகிறார் என்று சொல்லலாம்.

வெப்பத்துக்கு அடுத்தபடியாகத் தூக்கத்தை ஆள்வது ஒளி. இதுபற்றிய முக்கியமான இந்திய ஆய்வுகள் பழனி மலைக்கு வெகுதொலைவில் நடக்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய குழுவினரும் உயிர்க்கடிகாரம், அதாவது உயிரினங்கள் புறக்குறிப்பு ஏதுமின்றித் தமக்குள்ளேயே காலத்தைக் கணிக்கும் அமைப்பு, குறித்துப் பல்லாண்டு ஆராய்ந்தனர். மதுரையை அடுத்த சமணர் மலைக் குகையின் இருளில் கூண்டிலிட்டு வைக்கப்பட்ட வௌவால்கள், பகலிரவைக் காண முடியாத நிலையிலும், மாலைதோறும் வெளியே பறந்து திரும்பும் தம் இனத்தாரின் நடமாட்டத்தைக் கொண்டு நேரத்தைச் சரிசெய்துகொண்டன என்று அவர்கள் காட்டினர். அதே பல்கலைக்கழகத்தில் மனிதருக்கெனக் கட்டப்பட்ட தனிமை அறையில், கடிகாரம், வானொலி, செய்தித்தாள் எவையுமின்றித் தன்னார்வலர்கள் நாள்கணக்கில் வாழ்ந்தபோது, அவர்களது தூக்கமும் விழிப்பும் 24 மணி நேரத்தை விட்டு விலகின; சிலரிடம் தூக்கத்தின் சுற்று உடல் வெப்பத்தின் சுற்றிலிருந்தே பிரிந்து தனிவழி சென்றது. உள்ளே ஓடும் கடிகாரம் துல்லியமாக 24 மணி நேரம் அல்ல என்பதும், அதை அன்றாடம் திருத்துவது முதன்மையாகக் காலை ஒளி என்பதும் இத்தகைய ஆய்வுகளிலிருந்து பெறப்படும் செய்திகள்.

அந்தத் திருத்தத்தைச் செய்பவை, விழித்திரையில் நீல ஒளிக்கு மிகுதியாக எதிர்வினை காட்டும் ஒருவகை நரம்பணுக்கள். இவை காட்சியைவிட ஒளியின் அளவையே முதன்மையாக மூளைக்குத் தெரிவிக்கின்றன. வீட்டு அறையின் விளக்கொளி பொதுவாக 100 முதல் 300 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) மட்டுமே. மேகமூட்டமான பகலில்கூட வெளியே அது பல ஆயிரம் லக்ஸைத் தொடும். நேர்வெயிலிலோ ஒரு லட்சத்தை நெருங்கும். ஆகவே பனிமூடிய கொடைக்கானல் காலையில் கோக்கர்ஸ் வாக்கில் அரைமணி நேரம் நடப்பது, அறையின் எல்லா விளக்குகளையும் ஏற்றி வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைவிட உயிர்க்கடிகாரத்துக்குப் பன்மடங்கு வலிய குறிப்பாக அமையும். 1899-இல் தொடங்கப்பட்டு, 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளில் வாயுவின் ஓட்டத்தைக் கண்டறிந்த கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தினரும் காலைப் பொழுதையே பெரிதும் நாடுவது, வெயிலேறித் தரை சூடாகுமுன் காற்று கலங்காமல் இருப்பதால். காரணம் வேறாயினும் நேரம் ஒன்றே. மாலைக்குப்பின் இதே அணுக்கள் கைப்பேசியின் ஒளியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இருளை உணர்த்தும் மெலட்டோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகின்றன.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலைப் பக்கங்களில் விளையும் காப்பிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளே தூக்க அழுத்தத்தை, அதாவது தூங்கியாக வேண்டும் என்ற உந்துதலை, உண்டாக்குகிறது. காஃபீன் அடினோசின் அமர வேண்டிய இடங்களில் தான் போய் அமர்ந்துகொள்கிறது. உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும் என்பதால், குளிருக்காக இரவு எட்டு மணிக்குக் குடித்த காப்பியின் பாதி, நள்ளிரவைத் தாண்டியும் உடலில் நிற்கும்.

2024 மே முதல் இ-பாஸ் எடுத்து மலையேற வேண்டியிருந்தும், வார இறுதிக் கூட்டம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளி இரவு வத்தலக்குண்டு மலைச்சாலையில் வளைவு வளைவாக ஏறி, சனி இரவு கேம்ப் ஃபயர் அணையும்வரை விழித்திருந்து, ஞாயிறு பத்து மணிக்கு எழுபவரின் உயிர்க்கடிகாரம், மேற்கே இரண்டு மூன்று மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் பறந்தவருடையதைப் போல் பின்தங்கிவிடுகிறது. ஜெர்மனியின் டில் ரோனபெர்க் 2006-இல் இதற்குச் 'சமூக ஜெட்லாக்' என்று பெயரிட்டார். ஊர் திரும்பியவர் ஞாயிறு இரவு சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. திங்கட்கிழமை அலாரம் அடிக்கும்போது அவரது உடல் வெப்பம் இன்னும் அடிமட்டத்திலேயே இருக்கும்.