சுண்டெலியும் ஈளை நோயும்

ஈளை நோய் என்றும் ஆஸ்துமா என்றும் வழங்கப்படும் மூச்சிரைப்பு நோய் சுண்டெலிக்கு இயற்கையில் வருவதில்லை. பூனைக்கு வருவதுண்டு, குதிரைக்கும் அதனையொத்த நோய் உண்டு. ஆயினும், இந்நோயை ஆராயும் கூடங்களில் மிகுதியாகப் பயன்படும் பிராணி சுண்டெலியே. நோயே காணாத உயிரிடமிருந்து அந்நோயைப் பற்றி எதைக் கற்க முடியும்? இன்று கடுமையான ஆஸ்துமாவுக்கு வழங்கப்படும் மருந்து ஒன்றின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறுகிறது.

தேர்ந்த காரணம்

சுண்டெலியின் எடை 20 முதல் 30 கிராம் வரையே இருக்கும். மூன்று வாரத்தில் குட்டி ஈனும். உடன்பிறந்தவற்றையே 20 தலைமுறை இணைத்து வந்தால், ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற ஒரு குலம் கிடைக்கிறது. மேலும், மரபணு ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு எலியைப் பிறப்பிக்கவும் வழியுண்டு. இவ்வழியைக் கண்ட மூவருக்கு 2007ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோயை உண்டாக்கும் முறை

கோழிமுட்டையின் வெள்ளைக் கருவில் ஓவல்புமின் என்னும் புரதம் உள்ளது. அதனை அலுமினியச் சேர்மம் ஒன்றுடன் கலந்து எலியின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்துவர். எலியின் உடல் அப்புரதத்தைப் பகையாகக் கருதப் பழகுகிறது. சில வாரங்கள் கழித்து அதே புரதத்தை நுண்துளிகளாக்கி மூச்சுவழியே செலுத்துவர். மூச்சுக் குழல் வீங்கும், சளி பெருகும், ஈசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணுக்கள் அங்கே திரளும். பின்னர் மெத்தகோலின் என்னும் மருந்தை முகரச் செய்தால், நலமான எலியைக் காட்டிலும் இதன் மூச்சுக் குழல் மிகுதியாகச் சுருங்கும். ஆஸ்துமா நோயாளரிடமும் இத்தகைய சுருக்கம் காணப்படுகிறது. முட்டைப் புரதத்தை முகர்ந்து மக்கள் நோயுறுவது அரிதாதலின், வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் சாரத்தை எலியின் மூக்கில் இடும் முறையும் பிற்காலத்தில் பரவியது.

எலி காட்டிய வழி

ஈசினோபில் அணுக்களை வளர்க்கும் பொருளுக்கு இன்டர்லூக்கின்-5 என்று பெயர். ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவில் அப்பொருள் இல்லாத எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வெலிகளில் ஈசினோபில்கள் திரளவில்லை. மூச்சுக் குழலும் மிகுதியாகச் சுருங்கவில்லை. அப்பொருளைத் தடுத்தால் ஆஸ்துமா தணியும் என்ற நம்பிக்கை ஓங்கியது.

ஆனால் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு ஏமாற்றம் தந்தது. இலேசான ஆஸ்துமா உடைய 24 பேரிடம் தடுப்பு மருந்து சோதிக்கப்பட்டது. ஈசினோபில்கள் குறைந்தன, மூச்சுக் குழலின் சுருங்கும் தன்மையோ குறையவில்லை. 2007ஆம் ஆண்டில் வெளியான, 362 பேரைக் கொண்ட சோதனையிலும் நோய் தணியவில்லை.

பிழை எங்கே?

பிழை எலியிடம் இல்லை. எலி கூறியதை மனிதர் பொருள் கொண்ட விதத்தில் இருந்தது. 1998ஆம் ஆண்டிலேயே, வேறொரு குலத்து எலிகளில் இன்டர்லூக்கின்-5 இல்லாதபோதும் மூச்சுக் குழல் சுருங்குவது கண்டறியப்பட்டிருந்தது. ஒரே குலத்து எலிகள் நூற்றைச் சோதிப்பது, ஒரே மனிதனை நூறு முறை சோதிப்பது போன்றது. மக்களோ பலவகையினர். ஆஸ்துமா என்ற ஒரு பெயருக்குள் பல நோய்கள் அடங்கியுள்ளன. எலிக்குச் சில வாரங்களில் வரும் வீக்கம் வேறு. மனிதனைப் பல்லாண்டு வாட்டும் நோய் வேறு.

இதனை உணர்ந்தபின், ஈசினோபில்கள் மிகுந்த கடும் நோயாளரை மட்டும் தெரிந்தெடுத்துச் சோதித்தனர். 61 பேரைக் கொண்ட அத்தகைய சோதனை ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருந்து பெறாதவருக்கு ஆண்டில் சராசரி 3.4 முறை நோய் முற்றியது. மெப்போலிசுமாப் என்னும் மருந்தைப் பெற்றவருக்கு 2.0 முறையே முற்றியது. அப்போதும் மூச்சுக் குழலின் சுருங்கும் தன்மை மாறவில்லை. எலியில் அளந்த பயன் ஒன்று. மனிதருக்குக் கிட்டிய பயன் மற்றொன்று. 2015ஆம் ஆண்டில் அமெரிக்கா இம்மருந்துக்கு அனுமதி அளித்தது.

அளவும் அறமும்

எலியை ஆராய்வதற்கும் வரம்பு உண்டு. ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் 1959ஆம் ஆண்டில் மூன்று நெறிகளை வகுத்தனர்: இயலுமிடத்து உயிருக்கு மாற்றுத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. விடை தராத வினாவுக்காக உயிரை வருத்துதல் அறமும் ஆகாது, ஆராய்ச்சியும் ஆகாது.

ஈசினோபிலை வளர்ப்பது எது என்ற வினாவுக்கு எலி சரியான விடை தந்தது. எந்த நோயாளருக்கு எந்த மருந்து என்ற வினாவுக்கு விடை தர எலியால் இயலாது. முதல் விடையையே இரண்டாவது வினாவுக்கும் விடையாகக் கொண்டதால் நல்ல மருந்தொன்று பயனற்றதெனத் தோன்றியது. வினாவைத் திருத்தியபின்னரே அம்மருந்து நோயாளருக்குக் கிட்டியது.