காலி இருக்கைகளின் கணக்கு

விமானத்தின் கதவு சாத்தப்பட்டதும் விற்காமல் கிடக்கும் இருக்கைக்கு மதிப்பே இல்லை. நாளைக்கென்று எடுத்துவைக்க முடியாத சரக்கு அது. அதற்காக இரண்டு மாதம் முன்பே மலிவாகத் தள்ளிவிட்டாலும் நட்டம்தான். கடைசி நாளில் அவசரமாக வருபவர் இரண்டு மடங்கு கொடுத்திருப்பார். எந்த இருக்கையை எப்போது என்ன விலைக்கு விடுவது? விமானத் தொழிலின் லாபமும் நட்டமும் பெரும்பாலும் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட், 1972இல் இதற்கு ஓர் எளிய விதி சொன்னார். முழுக் கட்டணம் 10,000, சலுகைக் கட்டணம் 4,000 என்று வைத்துக்கொள்வோம். ஓர் இருக்கை பின்னால் முழு விலைக்குப் போக 40 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்தால், இப்போது கைக்கு வரும் 4,000-ஐ வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும். வாய்ப்பு அதைவிடக் குறைவென்றால் வாங்கிக்கொள்ள வேண்டும். எவ்வளவு அழகான விதி! ஆனால் அந்த வாய்ப்பைக் கணிக்க, பழைய விமானங்கள் நாளுக்கு நாள் எப்படி நிரம்பின என்ற பதிவு வேண்டும். ஒரு நிறுவனத்திடம் தன்னுடைய பதிவு இருக்கும். எதிராளியின் பதிவு இருக்காது.

2003இல் கனடாவின் வெஸ்ட்ஜெட் நிறுவனத்துக்கு அது கிடைத்தது.

அதன் எதிராளியான ஏர் கனடாவின் ஊழியர்கள், இடம் காலியாக இருந்தால் ஏறிக்கொள்ளும் சலுகைப் பயணத்துக்கென்று ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். எந்த விமானத்தில் எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்று அதில் தெரியும். வேலையை விட்டுப் போன ஒருவருக்கும், விடைபெறும் சலுகையாகச் சில பயணங்களும் அந்தத் தளத்துக்கான கடவுச்சொல்லும் கிடைத்தன. அவர் பிறகு வெஸ்ட்ஜெட்டில் சேர்ந்தார். கடவுச்சொல், அதன் நிறுவனர்களில் ஒருவரான மார்க் ஹில்லிடம் போயிற்று. 2003 மே முதல் 2004 மார்ச் வரை 2,43,630 முறை அந்தத் தளம் திறக்கப்பட்டதாக ஏர் கனடா குற்றம் சாட்டியது. நாளொன்றுக்குச் சுமார் 800 முறை! மனித விரல்களால் ஆகிற வேலையில்லை. தானாகவே தகவல்களை அள்ளும் நிரல் ஒன்று பயன்பட்டது.

ஒரு விமானத்தில் இன்று 60 பேர் என்ற எண் மட்டும் அதிகம் சொல்லாது. அதே விமானத்தைத் தினமும் பார்த்தால் நிரம்பும் வேகம் தெரியும். எந்த ஊருக்குக் கடைசி நேரப் பயணிகள் அதிகம், எந்த வழித்தடம் சோர்ந்திருக்கிறது, எங்கே புதிதாக ஒரு விமானம் விட்டால் எடுபடும் என்பதெல்லாம் புலப்படும். அப்போது ஏர் கனடா திவால் பாதுகாப்பில், ஆயிரக்கணக்கானோரின் வேலை ஊசலாட நின்றிருந்தது. அந்த நேரத்தில் அதன் கணக்கைத் திருட்டுத்தனமாகப் படித்ததை வெறும் போட்டி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஏர் கனடாவும் சும்மா இருக்கவில்லை. அது அமர்த்திய துப்பறிவாளர்கள், விக்டோரியா நகரில் ஹில்லின் வீட்டுக் குப்பையை எடுத்துப்போனார்கள். இயந்திரத்தில் நறுக்கப்பட்ட காகித இழைகள் அமெரிக்காவின் ஹூஸ்டனுக்குப் போயின. இழைகளைக் கணினியில் படமெடுத்துப் பொருத்திப் பக்கங்களை மீட்கும் தொழில்நுட்பம் அங்கே இருந்தது. நறுக்கிவிட்டால் அழிந்தது என்று நம்பும் எவரையும் இது திடுக்கிட வைக்கும். வெஸ்ட்ஜெட் இதற்காக எதிர்வழக்குப் போட்டது.

2004 ஏப்ரலில் ஏர் கனடா வழக்குத் தொடர்ந்தது. ஜூலையில் ஹில் பதவி விலகினார். 2006 மேயில் சமரசம். மேல்மட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்தே இது நடந்தது என்று ஒப்புக்கொண்டு வெஸ்ட்ஜெட் மன்னிப்புக் கேட்டது. வழக்குச் செலவுக்கு 55 லட்சம் கனடிய டாலரும், குழந்தைகள் அறக்கட்டளைகளுக்கு 1 கோடி டாலரும் கொடுத்தது. ஏர் கனடா கேட்டிருந்தது 22 கோடி. விசாரணை முழுமையாக நடக்காததால், அந்தத் தளத்திலிருந்து அள்ளிய எண்கள் பறித்த வருமானம் எவ்வளவு என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கிடவில்லை.