முன்னறிவிப்பின்றி வருகிறவர்

சில வருஷங்களுக்கு முன், லண்டன் நகரின் கிழக்குப் பகுதியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். மத்தியான வியாபாரத்தின் சந்தடி அடங்கி, சிப்பந்திகள் இரவுக்கு வேண்டிய பரோட்டா மாவைப் பிசைந்துகொண்டிருந்த வேளையில், நடுத்தர வயதுள்ள ஒரு மாது உள்ளே வந்து, அடையாள அட்டையைக் காட்டி, தாம் அந்த வட்டாரத்து நகரசபையின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி என்று சொல்லி, கைப்பையிலிருந்த வெள்ளை அங்கியை எடுத்து அணிந்துகொண்டார். முதல் காரியமாக அவர் செய்தது, தொட்டியண்டை போய்த் தம் கைகளைக் கழுவிக்கொண்டதுதான். அதை வெறும் சுத்தப் பழக்கம் என்றே நான் எண்ணினேன். குழாயில் வெந்நீர் வருகிறதா, பக்கத்தில் சோப்பு இருக்கிறதா, ஈரம் துடைக்கக் காகிதம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த ஒரு செய்கையிலேயே அவருக்கு விடை கிடைத்துவிட்டது என்பது பிற்பாடுதான் எனக்கு விளங்கிற்று.

பிறகு ஊசி போன்ற ஓர் உஷ்ணமானியைக் குழம்புப் பாத்திரத்தில் நட்டுப் பார்த்தார். சூடாக வைத்து விற்கும் பண்டம் 63 டிகிரிக்குக் குறையக்கூடாது. குளிர்ப்பெட்டியில் இருப்பது 8 டிகிரியைத் தாண்டக்கூடாது. இரண்டும் சரியாகவே இருந்தபடியால் நண்பருடைய முகம் தெளிந்தது. அந்தச் சமயத்தில்தான் அதிகாரியின் பார்வை மூலையில் ஓடிக்கொண்டிருந்த மாவு பிசையும் இயந்திரத்தின்மேல் விழுந்தது. அதன் வாயை மூடும் கம்பிக் கூண்டைத் தூக்கிய மாத்திரத்தில் மின்சாரம் அறுந்து இயந்திரம் நின்றுவிட வேண்டும். அவர் தூக்கினார், அது நிற்கவில்லை. கூண்டின் அடியில் இருந்த சிறிய விசையை யாரோ கறுப்பு நாடாவால் சுற்றி அமுக்கி வைத்திருந்தார்கள். ஓடும்போதே மாவைத் தள்ளிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பதற்காகச் செய்த உபாயம் அது. “பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் பிசைகிறோம் அம்மா, ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை” என்று நண்பர் மன்றாடினார். அதிகாரி வாதம் எதுவும் செய்யவில்லை. இயந்திரத்தண்டை நின்ற மட்டக்களப்புப் பையனுடைய மேலங்கியிலிருந்து அவிழ்ந்து தொங்கிய கயிற்று முனையைச் சுட்டிக்காட்டிவிட்டு, உட்கார்ந்து தடை அறிவிப்பை எழுதத் தொடங்கினார். அன்று இரவு அந்தக் கடையில் பரோட்டா இல்லை.

நண்பருக்காக அப்போது நான் வருந்தினேன் என்பது உண்மை. ஆனால் ஒரு மனுஷி தனியாக, போலீஸின் துணைகூட இல்லாமல், பேனாவினால் ஓர் இயந்திரத்தை நிறுத்திவிட முடிகிறதென்றால், அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அறியும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

இந்த உத்தியோகத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் லிவர்ப்பூல் நகரத்து நிலவறைகளில் போய் நிற்கவேண்டியிருக்கும். சூரிய வெளிச்சம் எட்டாத அந்தப் பாதாள அறைகளில் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வசித்த காலத்தில், 1844-ஆம் ஆண்டிலேயே தாமஸ் ஃபிரெஷ் என்பவரை அந்நகரத்தார் ‘உபத்திரவப் பரிசோதகர்’ என்ற விசித்திரமான பெயரில் நியமித்தார்கள். 1846-இல் நகரத்துக்கென்றே ஒரு சுகாதாரச் சட்டம் பிறந்து, மறு வருஷம் டாக்டர் வில்லியம் ஹென்றி டங்கன் பிரிட்டனின் முதல் நகர சுகாதார வைத்தியராகவும், ஜேம்ஸ் நியூலண்ட்ஸ் நகரப் பொறியாளராகவும் சேர்ந்துகொண்டார்கள். வைத்தியர் நோயின் காரணத்தைச் சொன்னார். பொறியாளர் சாக்கடைகளைக் கட்டினார். ஃபிரெஷோ, அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பி லட்சக்கணக்கானோர் அந்தத் துறைமுகத்தில் வந்திறங்கி டைஃபஸ் ஜுரத்தில் மடிந்துகொண்டிருந்த அந்த 1847-இலும், படியிறங்கிப் போய்ப் பார்த்தார். சரித்திரத்தில் முதல் இருவருடைய புகழ் பெரிது. மூன்றாமவருக்கு எஞ்சியிருப்பது, அந்நகரத்துக்கு வடக்கே ஃபிரெஷ்ஃபீல்ட் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு சிறிய ரயில் நிலையம். போய்ப் பார்த்த அவர் கால்கள் இல்லாவிட்டால் மற்ற இருவருடைய அறிவும் ஏட்டளவிலேயே நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

1875-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இத்தகைய பரிசோதகரை நாடெங்கும் ஸ்தாபித்தது. நம் பெரியோர்கள் சென்னை ராஜதானியிலும் இலங்கையிலும் ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ என்று மரியாதையும் பயமும் கலந்து அழைத்தவரும் இந்த வம்சத்தவரே. பிரிட்டனில் 1956-இல் அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகராகி, 1974-ஐ ஒட்டி இன்றைய பெயரைப் பெற்றார்.

பெயரைக் காட்டிலும் பெரிய மாறுதல் வேலையில் நேர்ந்தது. ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் சட்டம் இருந்த காலத்தில்கூட, கடையில் நின்று விற்பவனுக்கும் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கும் போதிய பாதுகாப்பு இருக்கவில்லை. 1963-இன் சட்டம்தான் ஒருவருக்கு 40 சதுர அடி இடமாவது வேண்டும், வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் அறை 16 டிகிரி உஷ்ணமாவது அடைந்திருக்க வேண்டும் என்றெல்லாம் வகுத்து, அதைக் கவனிக்கும் பொறுப்பில் பெரும்பகுதியை உள்ளூர்ப் பரிசோதகரிடம் கொடுத்தது. ராபன்ஸ் பிரபு தலைமையில் அமைந்த குழு 1972-இல் கொடுத்த அறிக்கையின் பலனாக 1974-இல் வேலைத்தலப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, ஆலை, கட்டடவேலை, பண்ணை முதலியவை மத்தியப் பாதுகாப்பு நிர்வாகத்துக்கும், கடை, ஆபீஸ், ஓட்டல், கிடங்கு முதலியவை நகரசபை அதிகாரிக்கும் என்று பங்காயின. இச்சட்டத்தின்படி அந்த அதிகாரி நியாயமான எந்த வேளையிலும் உள்ளே நுழையலாம், படம் எடுக்கலாம், மாதிரி எடுக்கலாம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்படி செய்யலாம். குறையைத் தவணைக்குள் திருத்தச் சொல்வது ஓர் அறிவிப்பு. கடுமையான காயத்துக்கு இடமிருந்தால் அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்வது மற்றோர் அறிவிப்பு. விரல் துண்டான பிறகு முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுப்பது பழைய முறை. விரல் கையில் இருக்கும்போதே இயந்திரத்தை நிறுத்துவது இந்த இரண்டாவது அறிவிப்பின் விசேஷம்.

அப்படி ஒருவர் போய் நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், கப்பல் கட்டும் தொழிலால் பேர்பெற்ற பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரின் கதை ஒன்று போதும். ‘ஃபோரம் 28’ என்ற கலையரங்கின் மேல்தளத்தில், கட்டடத்தின் குளிர்சாதனத்துக்காக நீரைக் குளிரவைக்கும் கோபுரம் ஒன்று இருந்தது. இத்தகைய கோபுரத்தில் நீர் வெதுவெதுப்பாகத் தேங்கி, மருந்திட்டுச் சுத்தம் செய்யப்படாமல் விடப்பட்டால், 20 முதல் 45 டிகிரி வரையுள்ள உஷ்ணத்தில் செழித்து வளரும் லெஜியனெல்லா என்ற கிருமி அதில் பெருகி, காற்றில் கலக்கும் நுண்துளிகளோடு வெளியே போகும். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய முன்னாள் போர்வீரர்களைத் தாக்கியதால் இப்பெயர் பெற்ற இந்தக் கிருமி உண்டாக்கும் நிமோனியாக் காய்ச்சல், 1985-இல் ஸ்டாஃபோர்ட் நகரத்து ஆஸ்பத்திரியிலேயே 28 பேரைப் பலிகொண்டது. இப்படிப்பட்ட அனுபவங்களின் பயனாக, எந்தக் கட்டடத்தில் இத்தகைய கோபுரம் இருந்தாலும் அதை உள்ளூர் நகரசபைக்கு எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும் என்று 1992-இல் விதி செய்தார்கள்.

2002-ஆம் ஆண்டு கோடையில், பாரோவின் கலையரங்குக்கும் அங்காடிக்கும் நடுவே இருந்த குறுகிய சந்து வழியாகச் சாமான் வாங்கப் போனவர்கள்மேல் அந்தக் கோபுரத்து நீராவி இறங்கியது. கூடையோடு நடந்தவர்கள் மூச்சுவிட்டதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. ஏறக்குறைய 180 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். அந்தக் கலையரங்கு யாருடையது என்று விசாரித்தால், மனம் திடுக்கிடும்: அது நகரசபையின் சொந்தக் கட்டடம். நீருக்கு மருந்திடும் ஒப்பந்தம் கைவிடப்பட்டிருந்தது. யார் பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. அபாயத்தை மதிப்பிட்ட ஏடு இல்லை. சொல்லப்பட்ட எச்சரிக்கைகளும் காரியமாகவில்லை. மரணத்துக்குக் காரணமான குற்றத்திலிருந்து நகரசபை விடுபட்டபோதிலும், பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்காக 2006-இல் அதற்கு 1,25,000 பவுண்டும், பொறுப்பிலிருந்த கட்டடக்கலை அதிகாரிக்கு 15,000 பவுண்டும் அபராதம் விதிக்கப்பட்டன. நகரசபை தன் கட்டடத்தைத் தானே பரிசோதிக்கலாகாது, மத்திய நிர்வாகமே பரிசோதிக்க வேண்டும் என்று சட்டம் ஏற்கனவே சொல்லியிருந்தது. சொன்ன சட்டம் மேல்தளத்துக்கு ஏணி ஏறிப் போவதில்லை, யாரேனும் ஒரு மனிதர்தான் ஏறவேண்டும்.

1974-இல் பிரிட்டனில் வேலைத்தலங்களில் 651 சிப்பந்திகள் உயிரிழந்தார்கள். 2023–24-இல், சொந்தமாகத் தொழில் செய்பவர்களையும் சேர்த்துக்கூட, அந்தத் தொகை 138. சுரங்கங்கள் மூடப்பட்டதும் கனரகத் தொழில்கள் தேய்ந்ததும் இதற்குக் காரணங்களே என்பதை மறுக்கமாட்டேன். இருந்தாலும் இந்த எண்ணிக்கை இறங்கியதில் பரிசோதகருடைய பங்கையும் மறுக்கலாகாது. அவருடைய வருகையோ இப்போது குறுகிவருகிறது. 2013-இல் வெளியான தேசிய வழிகாட்டி நெறி, நகரசபை அதிகாரிகள் வேலைத்தலப் பாதுகாப்புக்கென்று முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்ப்பதைப் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஜாபிதாவில் உள்ள பெரிய அபாயங்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. நீர் குளிர்விக்கும் கோபுரம் அந்த ஜாபிதாவில் இருக்கிறது. கரி போட்டு எரிக்கும் தந்தூரி அடுப்பும் இருக்கிறது. அது நியாயமே, ஏனெனில் வாசனையும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்த அடுப்பிலிருந்து கசிந்து மேல்மாடியில் குடியிருப்பவர்களையும் உறக்கத்திலேயே கொல்லக்கூடியது. ஆனால் ஒரு சின்னக் கடையின் மாவு இயந்திரம் அதில் இல்லை. என் நண்பருடைய கடைக்கு அந்த மாது வந்தது குழம்பின் சூட்டைப் பார்ப்பதற்கு. இயந்திரம் அவர் கண்ணில் பட்டது அந்த வருகையின் உபயத்தால். உணவுப் பரிசோதனையும் இல்லாத துணிக்கடையிலோ, சின்னச் சாமான் கிடங்கிலோ, நகச்சாயம் பூசும் கடையிலோ வேலை செய்கிற ஒரு பையனுக்காக யார் கதவைத் தட்டுவார்கள் என்ற கேள்வி, அதை நினைக்கும்போதெல்லாம் என்னை வருத்துகிறது. செலவைச் சுருக்கும் பேரில் இந்த வருகைகளைக் குறைப்பது பெரும் தவறு என்று திண்ணமாக நம்புகிறேன்.

நான்கு நாள் கழித்து மெக்கானிக் வந்து புது விசை பொருத்தினார். அடுத்த வாரத்தில் அந்த மாது மறுபடியும் வந்து, கைகளைக் கழுவிக்கொண்டு, இயந்திரத்தை ஓடவிட்டுக் கூண்டைத் தூக்கினார், நின்றது. மூடி, ஓடவிட்டு, இன்னொரு தரம் தூக்கினார், அப்போதும் நின்றது. பிறகு தடை நீங்கியதென்று எழுதிக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். மட்டக்களப்புப் பையன் மேலங்கியின் கயிற்றை முதுகுப்புறம் இறுக முடிந்துகொண்டு, மாவு மூட்டையைப் பிரித்தான்.