ஆவணங்களில் பெயர் முரண்பாடும் பணியாளர் அடையாளமும்

பணியாளர் ஒருவரின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர் போன்ற விவரங்கள் ஆதார், பான் அட்டை, வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆகியவற்றில் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதே ஆவண முரண்பாடு எனப்படுகிறது. தி.நகர் துணிக்கடை, மயிலாப்பூர் உணவகம், அடையாறு மருத்துவமனை, தரமணி மென்பொருள் நிறுவனம் என எங்கும் இது அன்றாடம் எழும் சிக்கல். இதை மோசடியின் அடையாளமாகக் கருதும் நிறுவனங்கள் உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்குப் பெரும்பாலும் இடமில்லை. இங்கே முரண்பாட்டை உண்டாக்குவது பெரும்பாலும் படிவம்தான்.

முரண்பாடு பிறக்கும் இடம்

தமிழ்ப் பெயருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. ராமசாமியின் மகன் முருகன் என்று ஒருவரைக் கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் அவர் 'ஆர். முருகன்'. ஆதாரில் 'முருகன் ஆர்'. பான் விண்ணப்பம் முதலெழுத்தை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். எனவே அங்கே 'முருகன் ராமசாமி'. வங்கியில் வெறும் 'முருகன்'. நான்கும் ஒரே ஆள் என்பது தெருவில் உள்ள அனைவருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது.

பெண்களுக்குத் திருமணத்தோடு முதலெழுத்தே மாறிவிடுகிறது. தந்தையின் எழுத்தோடு படித்து, கணவரின் எழுத்தோடு ரேஷன் அட்டை வாங்கியவர், வேலைக்குச் சேரும்போது எந்தப் பெயரைத் தருவது என்றே குழம்புகிறார். ஆங்கில எழுத்துக் கூட்டல் இன்னொரு தொல்லை. 'ழ'கரத்துக்கு ஒருவர் இசட், எச் என்று இரண்டு எழுத்துகள் போடுவார். இன்னொருவர் எல் மட்டும் போடுவார். எண் சோதிடர் சொன்னார் என்று நடுவில் ஓர் 'ஏ' சேர்த்துக்கொண்டவர்களும் சென்னையில் குறைவில்லை.

பிறந்த தேதியும் இப்படித்தான். முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது வயது நிரம்புவதற்காக ஆசிரியரே ஒரு தேதி எழுதிக்கொள்வது வழக்கம். ஆதாரில் தேதி தெரியாதவர்களுக்கு வயதைக் கொண்டு ஆண்டு கணக்கிடப்பட்டு, ஜனவரி 1 பிறந்தநாளாகப் பதிவானது.

இழப்பு யாருக்கு

இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடையிலோ நிறுவனத்திலோ வருங்கால வைப்பு நிதி பிடிக்கப்படுகிறது. பணியாளர் பங்கு 12 விழுக்காடு, நிறுவனத்தின் பங்கும் அவ்வளவே. 2014 முதல் ஒவ்வொரு உறுப்பினருக்கும் யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் வழங்கப்படுகிறது. 2021 செப்டம்பர் முதல், ஆதார் இணைக்கப்படாத எண்ணுக்கு நிறுவனம் மாதக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாத நிலை வந்தது. ஆதாரில் உள்ள பெயரோடு ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் இணைப்பு தடைபடலாம்.

சேரும்போது யாரும் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. பணம் தேவைப்படும் நாளில்தான் வலிக்கிறது. மகளின் திருமணத்துக்காக விண்ணப்பித்தால் 'பெயர் பொருந்தவில்லை' என்று திரும்பி வருகிறது. இரண்டு கடைகளில் இரு வேறு எழுத்துக் கூட்டலில் சேர்ந்தவருக்கு இரண்டு எண்கள் உருவாகியிருக்கும். ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டுப் பணிக்காலம் வேண்டும்; ஆறாண்டும் ஐந்தாண்டும் தனித்தனியே கிடந்தால் பதினொன்று ஆகாது. பணியில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு வைப்புசார் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அதைக் கேட்டுப் போகும் மனைவி, இறந்தவரும் தன் கணவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. கையெழுத்திட வேண்டியவர் அப்போது இல்லை.

நிறுவனம் செய்ய வேண்டியது

முதல் வேலை, சேரும் நாளிலேயே ஆவணங்களை அருகருகே வைத்துப் பார்ப்பது. வேறுபாடு இருந்தால் அதைப் பணியாளரிடம் எழுத்தில் தெரிவித்து, எந்த ஆவணத்தில் எது வேறுபடுகிறது என்று காட்டி, திருத்தக் கால அவகாசம் தர வேண்டும். வாய்மொழியாக 'ஆதாரை மாற்றிக்கொண்டு வா' என்று அனுப்புவதே இன்று அதிகம் நடக்கிறது. இது ஆபத்தான யோசனை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் பொதுவாக மாற்ற முடியும். தவறு பான் அட்டையில் இருக்க, ஆதாரை மாற்றி ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது. பள்ளிச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, எது பிழை என்று முடிவு செய்த பிறகே திருத்தத்துக்குப் போக வேண்டும்.

வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பிழையை, பணியாளரும் நிறுவனமும் சேர்ந்து அளிக்கும் 'ஜாயிண்ட் டிக்ளரேஷன்' மூலம் திருத்தலாம். 2025 ஜனவரியில் இது எளிதாக்கப்பட்டது: 2017 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பெற்ற, ஆதாரால் சரிபார்க்கப்பட்ட எண்ணாக இருந்தால் பெரும்பாலான விவரங்களைப் பணியாளரே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். அதற்கு முந்தைய எண்களுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அந்த ஒப்புதலை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவதுதான் பல இடங்களில் உண்மையான தடை. பிறந்த தேதிக்கு ஆதாரைச் சான்றாக ஏற்பதை வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், கடவுச்சீட்டு போன்றவை வேண்டும். பெயரையே முழுதாக மாற்றிக்கொண்டவர், அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள் அச்சுத் துறை மூலம் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டுக்கொள்வதே உறுதியான வழி.

திருத்தம் முடியும்வரை சம்பளத்தை நிறுத்திவைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. செய்த வேலைக்குக் கூலி தர வேண்டும் என்ற சட்டத்தில் எழுத்துப் பிழைக்கு விலக்கு எழுதப்படவில்லை. சம்பளத்தில் பிடித்த வைப்பு நிதியை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்; தாமதித்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும். வாங்கிவைக்கும் ஆதார் நகலில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டிருப்பது நல்லது. ரங்கநாதன் தெருக் கடைகளின் பில் மேசைக்கடியில் கிடக்கும் கோப்பு அதற்கு உரிய இடமன்று.

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அங்கே பெயரும் சமூகப் பாதுகாப்பு எண்ணும் பொருந்தாவிட்டால் அரசு, முதலாளிக்குக் கடிதம் அனுப்பியது. அக்கடிதத்தை மட்டும் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தது. கடிதம் பெற்ற முதலாளிகளின் பொறுப்பைக் கடுமையாக்க 2007-இல் வந்த விதியை சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றம் தடுத்தது. 2009-இல் அரசே அதைத் திரும்பப் பெற்றது. இன்று அங்குள்ள 'இ-வெரிஃபை' முறையிலும், பொருந்தவில்லை என்று முதல் விடை வந்தால், அதை எதிர்த்து முறையிடப் பணியாளருக்கு எட்டு வேலை நாள்கள் உண்டு. முறையீடு முடியும்வரை அவரை நீக்க முடியாது. சென்னையில் இப்படி எழுதப்பட்ட காலக்கெடு இல்லை. நிறுவனமே தன் விதியில் முப்பதோ அறுபதோ நாள் என்று குறித்துக்கொண்டால் நல்லது.

வேலை அனுமதி என்பது வேறு கேள்வி

பெயர் பொருந்தவில்லை என்பதும், இங்கே வேலை செய்ய உரிமை இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்தியக் குடிமக்கள் நாட்டின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் தொழில் செய்யவும் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு உரிமை தருகிறது. தி.நகரில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத் தொழிலாளிக்கு எந்த அனுமதிச் சீட்டும் தேவையில்லை. அவர் பெயரின் எழுத்துக் கூட்டலை வைத்துக் குடியுரிமையைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்தக் கடை மேலாளருக்கும் கிடையாது. 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி நேபாள நாட்டவரும் விசா இன்றி இங்கே வேலை பார்க்கலாம்.

மறுபுறம், ஆதார் குடியுரிமைச் சான்று அன்று. விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதங்களில் 182 நாள் இங்கே வசித்த வெளிநாட்டவரும் அதைப் பெறலாம். எனவே 'ஆதார் இருக்கிறது, போதும்' என்பதும் சரியல்ல. மற்ற வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம், பொதுவாக அவரிடம் தன் பெயரிலான வேலை விசா உள்ளதா என்று பார்க்க வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட விசாவாயின், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது.

இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் இலங்கைத் தமிழ் அகதிகள். 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாத குற்றத்திலிருந்து 2025-ஆம் ஆண்டு ஆணை விலக்கு அளித்தது. அது குடியுரிமை அன்று. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே பொறியியல் படித்தவர்கூட ஆவணச் சரிபார்ப்பில் நிறுத்தப்படுவதால், பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். அவர்களிடம் இருப்பது ஆவணப் பிழை அன்று. ஜாயிண்ட் டிக்ளரேஷனால் அதைத் திருத்த முடியாது; மத்திய அரசுதான் முடிவெடுக்க வேண்டும்.