பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு: தாயின் நோயும் சட்டத்தின் கேள்வியும்

பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிலோ இரண்டிலோ தாக்கும் கடுமையான மனநோய். மருத்துவர்கள் இதைப் 'போஸ்ட்பார்ட்டம் சைக்கோசிஸ்' என்கிறார்கள். ஊர்ப்பேச்சில் இதற்குப் 'பிரசவ சன்னி' என்று பெயர். ஆனால் காய்ச்சலில் வரும் பிதற்றல், வலிப்பு, இந்த மனநோய் எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலும் குழந்தை பிறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள், பல நேரம் மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், இது திடீரென்று தொடங்கும். காலையில் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தவர் இரவில் அது தன் குழந்தையே அல்ல என்பார்.

பிரசவத்தை ஒட்டி வரும் மற்ற இரண்டு நிலைகளிலிருந்து இதைப் பிரித்து அறிய வேண்டும். பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் வந்து ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். அது நோய் அல்ல. இரண்டாவது, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான மதிப்பீடு, இது சுமார் 22 சதவீதத் தாய்மாருக்கு இருப்பதாகக் கணக்கிட்டது. வாரக்கணக்கில் நீளும் இந்தச் சோர்வுக்குச் சிகிச்சை தேவை. ஆனாலும் இதில் நிஜத்தின் பிடி பொதுவாக விட்டுப்போவதில்லை. மனப்பிறழ்வில் முதலில் அறுபடுவதே அந்தப் பிடிதான்.

அதன் முதல் அறிகுறி பெரும்பாலும் தூக்கம்தான். குழந்தை அழுவதால் தூங்க முடியாமல் போவது வேறு. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராததும், தூக்கமே வேண்டாம் என்று தோன்றுவதும் வேறு. அடுத்து ஓயாத பேச்சு, அல்லது திடீர் மௌனம், காரணமில்லாத சந்தேகம், இடமும் நேரமும் குழம்புவது, பிறர் காதில் விழாத குரல்கள். குழந்தையைச் சுற்றியே விபரீத நம்பிக்கைகள் உருவாகும்: யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள், அது தெய்வ அவதாரம், அதற்குள் தீய சக்தி புகுந்திருக்கிறது, பெரும் துன்பம் வருமுன் அதைக் காப்பாற்றியாக வேண்டும். இந்த நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. மாலையில் தெளிவாகப் பேசிவிட்டு நள்ளிரவில் மீண்டும் குழம்புவார். அந்தத் தெளிந்த இடைவேளையைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று வீட்டார் நம்புவதும், பின்னாளில் 'நன்றாகத்தானே இருந்தாள்' என்று சாட்சி சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். 'குழந்தையை நானே ஏதாவது செய்துவிடுவேனோ' என்ற வேண்டாத எண்ணம் வந்து, அதற்காகவே நடுங்கும் தாய்மார் பலர் உண்டு. அது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழல் நோயின் அடையாளமாக இருக்கலாம். அந்த எண்ணத்தைக் கண்டு அவர்களே அஞ்சுவதால் அதைச் செயலாக்கும் அபாயம் மிகக் குறைவு. வெளியே சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை. எண்ணத்தைக் கண்டு அஞ்சுவது ஒன்று; அது சரியென்றே உறுதியாக நம்புவது முற்றிலும் வேறொன்று. மனப்பிறழ்வில் இருப்பது இரண்டாவது.

மனப்பிறழ்வு யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லலாம். பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய் முன்பே இருந்தவர்கள், முந்தைய பிரசவத்தில் இதே நோய் கண்டவர்கள், தாய்க்கோ சகோதரிக்கோ இப்படி வந்த குடும்பத்தினர் ஆகியோருக்கு அபாயம் பல மடங்கு அதிகம். எந்த முன்வரலாறும் இல்லாத முதல் பிரசவத்திலும் வருவதுண்டு. பிரசவம் முடிந்ததும் ஹார்மோன்கள் சட்டென்று சரிவதும் தூக்கம் கெடுவதும் தூண்டுகோலாகலாம் என்று கருதப்படுகிறது. வளர்ப்பு, குணம், பாசக் குறைவு எதற்கும் இதில் பங்கில்லை. மூளை இரத்தக்குழாயில் அடைப்பு, கிருமித் தொற்று, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே தோற்றத்தில் வரக்கூடும்; அதனால் உடல் பரிசோதனையும் உடன் நடக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும் வழக்கம் இந்த நோயின் போக்கையே மாற்றிவிடுகிறது. கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கு மனநோய் இருந்திருந்தால், அதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்திருப்பார்கள். அந்த மறைப்பு பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் தொடர்கிறது. தெரிந்திருந்தால் அவர் மனநல மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, பிரசவத்தன்றே தடுப்பு மருந்து தொடங்கத் திட்டமிட்டிருப்பார். நோய் வந்த பிறகும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று ஆஸ்பத்திரியைத் தவிர்த்து மந்திரிக்க அழைத்துப்போகிறார்கள். பச்சை உடம்புக்காரியைக் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கி அடித்துப் பார்ப்பதில் நாட்கள் கழிகின்றன. சிகிச்சைக்கு மிக முக்கியமான நாட்கள் அவை.

இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. ஆனால் சிகிச்சை இல்லாதபோது தற்கொலைக்கும், குழந்தைக்குத் தீங்கு நேர்வதற்குமான அபாயம் உண்மையானது. எனவே இது மருத்துவ அவசரநிலை. அன்றே 108 ஆம்புலன்ஸை அழைத்தோ நேரிலோ மனநல மருத்துவர் உள்ள அரசு தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுபோக வேண்டும். தாயைக் குழந்தையுடன் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. அதே சமயம் அவரைத் திட்டவோ கட்டிப்போடவோ கூடாது. வழி தெரியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். மனப்பிறழ்வுக்கான மருந்துகள், லித்தியம், தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் மின்அதிர்வு சிகிச்சை ஆகியவற்றால் பெரும்பாலோர் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் முழுமையாகத் தேறுகிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2009 முதல் தாயையும் சேயையும் சேர்த்தே உள்நோயாளிகளாக வைத்துச் சிகிச்சை தரும் பிரிவு இயங்குகிறது. இப்படி ஒரு பிரிவு மாவட்டந்தோறும் தேவை; ஆனால் நாட்டில் இவை அரிதாகவே உள்ளன.

காப்பாற்ற முடியாமல் போய், நோயின் பிடியில் இருக்கும் தாயின் கையாலேயே குழந்தை இறந்துவிட்டால், அவர் கொலை வழக்கில் கைதாகிறார். இந்தியச் சட்டத்தில் இதற்கென்று தனிக் குற்றப்பிரிவு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவின்படி கொலைக்குத் தண்டனை மரணம் அல்லது ஆயுள். தாய்க்கு உள்ள பாதுகாப்பு அதன் 22ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 84ஆம் பிரிவாக இருந்தது. செயலைச் செய்த நேரத்தில், சித்த சுவாதீனம் இல்லாத காரணத்தால், தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவர் செய்தது குற்றமாகாது என்பதே அதன் சாரம்.

இங்கே மருத்துவமும் சட்டமும் பிரிகின்றன. நோய் இருந்தது என்று மருத்துவர் சான்று தந்தால் மட்டும் விடுதலை கிடைக்காது. அந்த நோய் அந்தக் கணத்தில் அறியும் திறனைப் பறித்திருந்ததா என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி. நரகத்திலிருந்து காப்பாற்றுவதாக நம்பி ஒரு தாய் தன் குழந்தையைக் கொன்றால், தான் செய்வது கொலை என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அது தவறு என்பது மட்டும் தெரிந்திருக்காது. இந்தப் பிரிவின் வேர் இங்கிலாந்தில் 1843இல் வகுக்கப்பட்ட மெக்நாட்டன் விதிகளில் உள்ளது. அது அறிவை மட்டுமே அளக்கிறது. உணர்ச்சியின் சிதைவையோ தன்னைக் கட்டுப்படுத்த முடியாமையையோ அது அளப்பதில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர வழக்கு இந்தச் சிக்கலை முழுதாகக் காட்டுகிறது. 2001இல் அங்கே ஒரு தாய் தன் ஐந்து குழந்தைகளையும் கொன்றுவிட்டுத் தானே போலீஸை அழைத்தார். முந்தைய பிரசவத்துக்குப் பின்னரே அவர் கடும் மனநோய்க்கு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்; இன்னொரு குழந்தை வேண்டாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். குழந்தைகளைச் சாத்தானிடமிருந்து மீட்பதாக அவர் நம்பினார். போலீஸை அழைத்ததே தவறென்று தெரிந்திருந்ததற்கு அடையாளம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2002இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு மனநல நிபுணரின் சாட்சியத்தில் உண்மையல்லாத ஒரு தகவல் இருந்ததால் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2006இல் இரண்டாவது ஜூரி, மனநிலை பிறழ்ந்த நிலையில் செய்ததால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பளித்தது; அவர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அதே செயல், அதே சட்டம், இரண்டு முடிவுகள்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1922இல் இயற்றி 1938இல் திருத்திய சிசு மரணச் சட்டப்படி, பிரசவத்தின் பாதிப்பிலிருந்து மீளாமல் மனச்சமநிலை குலைந்த தாய், பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட தன் குழந்தையைக் கொன்றால் அது கொலைக்குக் கீழான குற்றம். நடைமுறையில் சிறைத்தண்டனை அரிது. நம் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த சட்டங்களைக் கொண்ட சிங்கப்பூரும் மலேசியாவும்கூட இத்தகைய பிரிவைப் பின்னர் சேர்த்துக்கொண்டன. இந்தியாவில் 'முற்றிலும் குற்றமற்றவர்' அல்லது 'கொலையாளி' என்ற இரண்டு தட்டுகளுக்கு நடுவில் எதுவும் இல்லை. கடும் மனச்சோர்வில் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துவிடும் தாய் பெரும்பாலும் 22ஆம் பிரிவுக்குள் வர மாட்டார். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. ஆனால் பிள்ளையின் மரணத்துக்கான வழக்கில் அது உதவாது. இந்த இடைவெளி அநியாயமானது. திருத்த வேண்டியது நாடாளுமன்றத்தின் வேலை.

'சிசுக்கொலை' என்றதும் தமிழ் வாசகருக்கு உசிலம்பட்டியும், 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் நினைவுக்கு வரும். பெண் குழந்தை வேண்டாம் என்று தெளிந்த மனத்தோடு கொல்வது வேறு, இது வேறு. இறந்தது பெண் குழந்தையாக இருந்தால் நீதிமன்றம் அந்த நோக்கத்தைச் சந்தேகிப்பதும் நியாயமே. அதனால்தான் ஆதாரம் முக்கியமாகிறது.

சித்த சுவாதீனம் இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீதே விழுகிறது. ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என 1964இல் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சம்பவத்துக்கு முன்னும் அப்போதும் அதன் பின்னும் அவர் இருந்த நிலை அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தக் கணத்தை நேரில் கண்டவர் யாரும் இல்லாதபோது பேசுவது காகிதம்தான்: புறநோயாளி சீட்டு, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை ரசீது, வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் எழுதிய குறிப்பு, தூங்காமல் பிதற்றியதைப் பற்றி அக்காவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு. குடும்ப மானத்துக்காக மறைக்கப்பட்ட நோய்க்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. குழந்தையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அதே சீட்டுதான் பின்னர் தாயையும் காப்பாற்றியிருக்கும்.

கைதானவுடன் உறவினர் முதலில் செய்ய வேண்டியது, நோய் பற்றிப் போலீஸிடமும் ரிமாண்ட் செய்யும் மாஜிஸ்திரேட்டிடமும் எழுத்து மூலம் சொல்லி, மனநலப் பரிசோதனை கேட்பது. நாள் தள்ளினால் சிகிச்சையிலோ தானாகவோ தெளிவு வந்து, அறிகுறிகள் பதிவாகாமலே போகும். மனநோயின் முன்வரலாறு தெரிந்தும் விசாரணை அதிகாரி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பாவிட்டால், அது அரசுத் தரப்பு வழக்கின் பெரும் குறை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று யாரும் தவிக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் அனைவருக்கும், வருமானம் எதுவானாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரைத் தர வேண்டும். அதற்கான எண் 15100. தன் தரப்பைச் சொல்லத் திறனில்லாத நிலையில் அவர் இருந்தால் விசாரணையையே தள்ளிவைக்கும் நடைமுறை, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 367 முதலான பிரிவுகளில் உள்ளது. 22ஆம் பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்டாலும் உடனே வீட்டுக்குப் போய்விட முடியாது. பாதுகாப்பான சிகிச்சை இடத்தில் வைக்கவோ, உரிய உத்தரவாதத்தின் பேரில் உறவினரிடம் ஒப்படைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடும்.

எந்த விபரீதமும் நடக்காமல் சிகிச்சைக்கு வந்த தாய்க்கும் உரிமைகள் உண்டு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, மருத்துவமனையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மனநல மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையில் தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும், பதினைந்து நாளுக்கொரு முறை முடிவை மறுஆய்வு செய்ய வேண்டும். சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ நோய் விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தருவதை 24ஆம் பிரிவு தடுக்கிறது. 'கொடூரத் தாய்' என்று தலைப்பிட்டுப் படம் போடும் செய்திகள், நோய் இருக்கலாம் என்ற வாய்ப்பையே விசாரணைக்கு முன் அழித்துவிடுகின்றன.

நோய் வந்துபோனதைக் காட்டிக் கணவர் வீட்டார் விவாகரத்து மிரட்டல் விடுப்பதும் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் மனநோய் ஒரு காரணமாக இருந்தாலும், நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத அளவுக்கு அது கடுமையானதா என்று பார்க்க வேண்டும் என 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிகிச்சையில் தேறிவிடும் இந்த நோய் அந்த அளவுகோலை எளிதில் எட்டாது.

ஒரு முறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. எனவே கருத்தரிப்பதற்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மருந்தைத் தானாக நிறுத்துவது ஆபத்து. சோடியம் வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால் மாற்ற வேண்டியிருக்கும். தாய் சேய் நல அட்டையில் முந்தைய நோயைக் குறிக்கச் சொல்ல வேண்டும். பிரசவம் முடிந்த அன்றே தடுப்பு மருந்து தொடங்குவதா, எந்த மருந்தோடு தாய்ப்பால் கொடுக்கலாம், முதல் இரண்டு வாரம் இரவில் குழந்தையை யார் பார்த்துக்கொண்டு தாயைத் தூங்க விடுவது என்பதையெல்லாம் எட்டாம் மாதத்துக்குள் இரு வீட்டாரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ளலாம்.