எழுத்தும் இனமும்: சந்தாலரும் ஹ்மோங் மக்களும்

புதுதில்லி மந்திர் மார்க்கில் ‘சுவாதி’ என்னும் கட்டிடத்தில் சாகித்திய அக்காதெமியின் விற்பனைப் பிரிவு அமைந்துள்ளது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இச்சாலையிலேயே இருப்பதால் தில்லித் தமிழர்க்கு இது பழகிய இடம். அக்காதெமி ஏற்றுள்ள மொழிகள் 24. அவற்றுள் சந்தாலிக்குத் தனித்தன்மை ஒன்று உண்டு. அம்மொழி நூல்கள் அச்சாகும் ஓல் சிக்கி எழுத்து, 20ஆம் நூற்றாண்டில் தனியொருவர் ஆக்கியது. அதனை ஆக்கிய இரகுநாத் முர்மு (1905–1982) ஒடிசாவின் மயூர்பஞ்சுப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் எழுத்தை வகுத்தது 1925இல் என்பது மரபு.

தென்கிழக்கு ஆசிய மலைகளில் வாழும் ஹ்மோங் மக்களிடையே 1959இல் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. லாவோசு–வியட்நாம் எல்லைப் பகுதியில் வாழ்ந்த சோங் லுவே யாங் என்னும் உழவர், எம்மொழியிலும் எழுதப் படிக்க அறியாதவர், தம் மொழிக்குப் பஹாவ் என்னும் எழுத்தை வகுத்தார். சந்தாலி ஆசுத்திரோ-ஆசியக் குடும்பத்தின் முண்டா கிளையைச் சார்ந்தது. ஹ்மோங் மொழி ஹ்மோங்-மியன் என்னும் வேறொரு குடும்பத்தைச் சார்ந்தது. இவ்விரு மக்களிடையே வரலாற்றுத் தொடர்பு ஏதும் இல்லை. எனினும் இருசாராரின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கும்போது, எழுத்து என்பது ஒலியைக் குறிக்கும் கருவி மட்டுமன்று என்பது விளங்குகிறது.

பெயரும் தொன்மமும்

‘சந்தால்’ என்பது அம்மக்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அவர்கள் தம்மை ‘ஹோட்’ (மனிதர்) என்றும் ‘ஹோட் ஹோபோன்’ (மனிதரின் மக்கள்) என்றும் வழங்குவர். சுரண்ட வரும் வெளியார் ‘திக்கு’ எனப்படுவர். ஹ்மோங் மக்களின் நிலையும் இதுவே. சீனத்தில் அவர்கள் ‘மியாவ்’ என்னும் பெரும்பிரிவில் அடக்கப்படுகின்றனர். லாவோசிலும் தாய்லாந்திலும் வழங்கிய ‘மேவ்’ என்னும் பெயரை அவர்கள் இழிவாகக் கருதுகின்றனர். இப்பெயரைத் தமிழில் எழுதுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதலொலி குரலற்ற மகரம்; அதனைக் குறிக்கத் தமிழில் வழியில்லை. ‘ஹ்மோங்’ என்பது ஏறத்தாழப் பொருந்தும். பச்சை ஹ்மோங் எனப்படும் கிளைமொழியினர் அவ்வொலியின்றி ‘மோங்’ என்றே கூறுவதால், அவர்தம் நூலை மொழிபெயர்ப்போர் அவ்வடிவத்தையே கொள்வது முறையாகும்.

சந்தாலர் மரபுவரலாறு இடப்பெயர்களின் கோவையாக அமைந்தது. வாத்து முட்டைகளிலிருந்து பிறந்த பில்சு ஹாடாம், பில்சு புடி என்னும் முதல் இணையர் ஹிஹிரி பிபிரியில் வாழ்ந்தனர். அவர் வழியினர் கோஜ் காமன், ஹராத்தா, சாசாங் பேடா ஆகிய இடங்களைக் கடந்து சாம்பாவை அடைந்தனர். அங்கே குலந்தோறும் கோட்டை இருந்தது. குலங்கள் பன்னிரண்டு, அவற்றுள் பேதியா என்னும் குலம் மறைந்துபோனது என்பர். இவ்விடங்களை நிலப்படத்தில் தேடியவர் பலர். பெரிதும் பயன் விளையவில்லை. இவற்றை நினைவின் வரிசையாகக் கொள்வதே தக்கது. இறந்தவரின் எலும்பைத் தாமோதர் ஆற்றில் விடுவதும் இவர்தம் மரபு.

ஹ்மோங் மக்களின் ஈமச்சடங்கில் ‘வழிகாட்டும் பாட்டு’ ஒன்று பாடப்படும். இறந்தவர் வாழ்ந்த ஊர்களைப் பின்முறையாக ஒவ்வொன்றாகச் சொல்லி, பிறந்தபோது நஞ்சுக்கொடி புதைக்கப்பட்ட இடம் வரை பாடகர் உயிரை நடத்திச் செல்வார். அங்கே அதனைப் பட்டாடையாக அணிந்துகொண்டே உயிர் முன்னோரிடம் செல்லும். 1975க்குப்பின் தாய்லாந்து அகதி முகாம்கள் வழியாக அமெரிக்கா சென்றோரின் ஈமச்சடங்கில் இப்பாட்டு அமெரிக்க நகரொன்றில் தொடங்கி, கடல் கடந்து, முகாமைத் தாண்டி, லாவோசு மலையூரில் முடிய வேண்டியதாயிற்று.

இழந்த நூலும் வெற்றுத் தாளும்

ஹ்மோங் மக்களிடம் வழங்கும் கதைகளுள் மொழியியலார் பெரிதும் எடுத்துக்காட்டுவது ‘இழந்த நூல்’ பற்றியது. முன்னொரு காலத்தில் அவர்களுக்கு எழுத்து இருந்தது. சீனரால் துரத்தப்பட்டு ஆற்றைக் கடக்கும்போது நூல் நீரில் போயிற்று என்பது ஒரு வடிவம். மாடு தின்றது, எலி கடித்தது என்பன பிற வடிவங்கள். மறைந்த எழுத்துகளின் உருவங்களைப் பெண்கள் தம் துணித்தையலில் காத்தனர் என்றும் கூறுவர். பிற்காலத்தில் அகதி முகாம்களில் போரையும் ஓட்டத்தையும் உருவங்களாகத் தைத்த ‘கதைத்துணி’ தோன்றியபோது இந்நம்பிக்கைக்குப் புதுப்பொருள் கிடைத்தது.

சந்தாலரிடையே எழுத்தின் ஆற்றல் பற்றிய நம்பிக்கை 1855ஆம் ஆண்டு ‘ஹூல்’ கிளர்ச்சியில் வெளிப்பட்டது. அவ்வாண்டு சூன் 30 அன்று போக்நாடியில் மக்களைத் திரட்டிய சித்து, கான்கு உடன்பிறந்தார், தாக்கூர் (கடவுள்) தமக்குத் தோன்றித் தாள்களை அளித்ததாகக் கூறினர். அவற்றுள் எழுத்தில்லா வெற்றுத் தாள்களும் இருந்தன என்பது அக்காலப் பதிவுகளால் தெரிகிறது. குடியானவர் கிளர்ச்சி குறித்து இரணஜித் குஹா 1983இல் வெளியிட்ட நூலில் இச்செய்தி ஆராயப்பட்டுள்ளது. கடன்பத்திரமும் நீதிமன்றத் தாளும் வட்டிக்காரன் கையில் இருந்த நாட்டில், எழுத்தறியா மக்கள் தாளையே கடவுளின் ஆணையாகக் கொண்டது வியப்பன்று. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது; அவ்வாண்டிலேயே சந்தால் பர்கானா என்னும் தனி மாவட்டம் அமைக்கப்பட்டது. லாவோசில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் பா சாய் 1918 முதல் 1921 வரை நடத்திய ஹ்மோங் கிளர்ச்சியும் தெய்வ அருள் பெற்ற தலைவரை முன்னிறுத்தியதே.

சமயப்பணியாளரின் எழுத்து

இரு மொழிகளுக்கும் முதலில் நிலையான எழுத்துமுறை தந்தவர் கிறித்தவச் சமயப்பணியாளர். சந்தாலிக்கு எரேமியா பிலிப்சு 1852இல் வங்க எழுத்தில் அறிமுக நூல் வெளியிட்டார். நார்வே நாட்டவரான ஸ்க்ரெப்ஸ்ருட் 1873இல் இலக்கணம் எழுதினார். கோலேயான் என்னும் முதிய குரு சொல்லச் சொல்ல அவர் பதிவுசெய்த மரபுவரலாறு 1887இல் உரோமன் எழுத்தில் அச்சாயிற்று. போடிங் தொகுத்த ஐந்து தொகுதி அகராதி 1929 முதல் 1936 வரை ஆசுலோவில் வெளிவந்தது. இந்திய மொழிகளுக்கு உருவான அகராதிகளுள் மிகச் சிறந்தவற்றுள் அது ஒன்று. ஒரு சொல்லுக்கு அது தரும் பழக்கவழக்கச் செய்திகள் இனவரைவியல் நூலுக்கு ஈடானவை. சந்தாலர் தம் மரபை மீட்க இன்று நாடும் சான்றுகளிற் பெரும்பகுதி, அம்மரபை மாற்ற வந்தோர் திரட்டியதே.

ஹ்மோங் மொழிக்கு 1951–53இல் லுவாங் பிரபாங்கில் பார்னி, சுமாலி என்னும் அமெரிக்கரும் பெர்த்ரே என்னும் பிரெஞ்சுப் பாதிரியாரும் இணைந்து உரோமன் நெடுங்கணக்கை வகுத்தனர். சொல்லிறுதியில் மெய்வராத அம்மொழியின் இயல்பைப் பயன்படுத்தி, இறுதியில் எழுதும் மெய்யெழுத்தைத் தொனிக்குறியாக்கினர். ஹ்மோங் என்னும் பெயரின் ஈற்றில் அவர்கள் எழுதும் ‘பி’ ஒலிப்பதற்குரியதன்று, உயர்தொனியைக் காட்டுவது.

இரு எழுத்துகளின் அமைப்பு

ஓல் சிக்கியில் ‘ஓல்’ என்பது எழுதுதல், ‘சிக்கி’ என்பது குறி. எழுத்துகள் 30, உயிர் 6, மெய் 24. ஆறு வரிசைகளில் ஒவ்வொன்றும் உயிரில் தொடங்கி நான்கு மெய்களைக் கொண்டது. மெய்யின் பெயர் அவ்வரிசையின் உயிரை முன்னே கொண்டு ஒலிக்கும். தமிழ்ச் சிறார் ‘இக், இங், இச்’ என ஓதும் முறையை இது நினைவூட்டும். வடிவங்கள் பல நிலம், பறவை, சுட்டும் கை எனக் கண்டறிந்த பொருள்களோடு தொடர்புபடுத்தப்படுகின்றன.

இவ்வெழுத்தின் திறம் சந்தாலியின் தடையொலிகளைக் கையாளும் முறையில் உள்ளது. அம்மொழியில் சொல்லிறுதி வல்லொலிகள் சில வாயில் வெடிக்காது தொண்டையில் அடைபட்டு நிற்கும். நீர் எனப் பொருள்படும் ‘தாக்’ என்னும் சொல்லின் ஈறு இத்தகையது. உயிர் தொடரும்போது இவை குரலொலிகளாகத் திரியும். போடிங் இவற்றுக்குத் தனிக்குறி இட்டார். முர்மு நான்கு எழுத்துகளை மட்டும் வைத்து, இறுதியில் தடையொலி, உயிருக்குமுன் குரலொலி என இடத்தால் அறியச் செய்தார். இறுதியிலும் குரலொலியே வேண்டுமிடத்து ‘அஹத்’ என்னும் குறியைச் சேர்த்தார். ஒரே ககரம் ‘கல்’ என்பதில் ஒருவகையாகவும் ‘அகல்’ என்பதில் வேறுவகையாகவும் ஒலிப்பதை இயல்பாக ஏற்கும் தமிழர்க்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. தேவநாகரியிலோ வங்க எழுத்திலோ இவ்வுறவு புலப்படாது.

பஹாவ் எழுத்து மேலும் விந்தையானது. அசையின் உயிர்ப்பகுதி முதலிலும் தொடக்கமெய் பின்னரும் எழுதப்படும். படிக்கும்போது முறை மாறும். தமிழில் ‘கெ’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி முன்னே நின்று பின்னே ஒலிப்பது போன்றதே இது. ஆனால் அங்கு எல்லா அசைகளுக்கும் பொதுவிதி. தொனியும் உயிரும் ஒரே அலகாகக் குறிக்கப்படுகின்றன. ககரம் எழுதாமலேயே உணரப்படும். எழுத்தறியா ஒருவர் தம் மொழியின் அசையமைப்பை இவ்வளவு நுட்பமாகப் பகுத்தது மொழியியலாரை வியக்கவைத்தது. 1990இல் சுமாலியும் இரு ஹ்மோங் அறிஞரும் இதுபற்றித் தனி நூல் வெளியிட்டனர். தமக்கு இவ்வெழுத்து தெய்வத்தால் அருளப்பட்டது என்றே சோங் லுவே கூறினார்; உள்நாட்டுப் போரில் இருதரப்பும் அவரை ஐயுற்றன. 1971இல் அவர் கொல்லப்பட்டார்.

முர்முவுக்கு வாய்த்த சூழல் வேறு. அவர் ஆசிரியராகவும் நாடக ஆசிரியராகவும் விளங்கினார். அவருடைய ‘பிது சந்தன்’ நாடகத்தில் காதலர் இருவர் எழுத்தின் வழியே உள்ளத்தைப் பரிமாறிக்கொள்கின்றனர். நெடுங்கணக்கை ஊர்தோறும் கொண்டுசென்றதில் அவர்தம் பாடல்களுக்கும் நாடகங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. 1979இல் மேற்கு வங்க அரசு ஓல் சிக்கியை ஏற்றது; 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தம் சந்தாலியை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்த்தது; 2005 முதல் அக்காதெமி விருது வழங்கப்படுகிறது. ஒருங்குறியில் ஓல் சிக்கி 2008இலும் பஹாவ் 2014இலும் இடம்பெற்றன. ஆயினும் ஹ்மோங் மக்களில் மிகப் பெரும்பாலோர் எழுதுவது உரோமன் முறையிலேயே. முகாமிலிருந்து உறவினர்க்குக் கடிதம் எழுத அதுவே உதவியது. பஹாவ் சிறுகுழுவினரின் பற்றுக்குரியதாக நின்றுவிட்டது. எழுத்தின் வெற்றியை முடிவுசெய்தது அதன் ஒலியியல் தகுதியன்று. பள்ளியும் அச்சகமும் அரசாணையுமே.

எழுத்தால் பிரிந்த வாசகர்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் சந்தாலி பேசுவோர் ஏறத்தாழ 73.7 இலட்சம். இவர்கள் ஒரே எழுத்தில் படிப்பவரல்லர். ஒடிசாவில் ஒடியா, வங்கத்தில் வங்கம், சார்க்கண்டில் தேவநாகரி, கிறித்தவரிடையே உரோமன், எங்கும் பரவலாக ஓல் சிக்கி என ஐந்து எழுத்துகள் வழக்கில் உள்ளன. எட்டாம் அட்டவணை மொழியைச் சுட்டுகிறதே தவிர எழுத்தைச் சுட்டுவதில்லை. உரோமன் எழுத்தை விடுவது ஒன்றரை நூற்றாண்டு நூற்செல்வத்தை இளையோர்க்கு மூடிவிடும் என்பது ஒருசாரார் வாதம். இரவல் எழுத்தில் எழுதுவது மாநிலத்துக்கொரு சந்தாலியை உண்டாக்கிவிடும் என்பது மறுசாரார் வாதம். இரண்டிலும் உண்மையுண்டு. கோலேயான் கூற்றும் முர்முவின் நாடகமும் ஒரே வாசகனுக்கு எட்ட வேண்டுமாயின், பழைய நூல்களை ஓல் சிக்கியில் பெயர்த்தெழுதும் பணியே முதலில் நடைபெற வேண்டும்.

சந்தாலி நூல் தமிழுக்கு வருவதாயின் இந்தி, வங்கம், ஆங்கிலம் ஆகியவற்றுள் ஒன்றன் வழியே வருவதே எளிது. அவ்வழியில் நேரும் இழப்புக்கு மூவிடப்பெயர் தக்க சான்று. சந்தாலியில் தன்மைப் பன்மை நான்கு: கேட்போனை உளப்படுத்தி இருவர் ‘அலாங்’, உளப்படுத்தாது இருவர் ‘அலிஞ்’, பலராயின் முறையே ‘அபோன்’, ‘அலே’. ஹ்மோங் மொழியில் இருமை உண்டு. உளப்பாட்டு வேறுபாடு இல்லை. தமிழில் உளப்பாடு உண்டு, இருமை இல்லை. இந்தியின் ‘ஹம்’ இரண்டையும் காட்டாது, ஆங்கிலமும் அவ்வாறே. ஊர்த் தலைவரான மாஞ்சி திக்குவின் முன் நின்று ‘அலே’ என்று நிலத்துக்கு உரிமை கூறுமிடத்தில், இடைமொழியை மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் ‘நம் நிலம்’ என எழுதிவிடக்கூடும். மூலத்தில் இருப்பது ‘எங்கள் நிலம்’. ஓல் சிக்கி கற்றுப் பெயரை மட்டுமேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் இப்பிழையைத் தவிர்ப்பார். 30 எழுத்தைக் கற்கச் சில வாரங்கள் போதும்.